மாங்கூழ்ப் பணமும் பைண்டு போட்ட கதையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை. ஜூன் மாதம். காய் ஏற்றி வந்த லாரிகள் எடை மேடைக்கு வரிசை கட்டி நிற்கின்றன. ஆபீஸ் ரூமில் ஏசி ஓடினாலும் பழ வாசனை விடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி. இந்தப் பக்கம், சென்னையில் ஐந்து வருஷம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு தம்பி. மடியில் ஸ்பைரல் பைண்டு போட்ட ஸ்கிரிப்ட். இரண்டு பேரையும் தெரிந்தவன் என்பதால் நடுவில் நான்.

தம்பி நன்றாகவே கதை சொன்னான். இடைவேளை வந்ததும் முதலாளி டீ சொல்லிவிட்டுக் கேட்டார்.

"கதை நல்லாத்தான் இருக்கு கண்ணு. எவ்ளோ ஆகும்?"

"ஒண்ணேகால் கோடியில முடிச்சிரலாம்ண்ணா."

"சரி. அது எப்படித் திரும்பி வரும்?"

தம்பி ஓடிடி, சேட்டிலைட் எனப்படும் டிவி உரிமை, இந்தி டப்பிங், தியேட்டர் ஷேர் என்று ஒப்பித்தான். அவர் விடவில்லை. "யார் வாங்குவாங்க? எத்தனை நாள்ல பணம் வரும்? ஒரு டன் காய் போட்டா எவ்ளோ கூழ் நிக்கும்னு எனக்குத் தெரியும். சரக்கு எடுத்தவன் எப்போ பணம் போடுவான்னும் தெரியும். அது மாதிரி ஒண்ணு சொல்லு."

அது மாதிரி ஒன்று அவனிடம் இல்லை. ஐந்து வருஷத்தில் அவனுக்குக் கண்டினியூட்டி எழுதவும், ஆர்ட்டிஸ்டைக் கூட்டிவரவும், கூட்டத்தை ஒதுக்கவும் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து சினிமாவுக்குக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஒன்று இந்தத் தம்பி மாதிரி எழுதுகிறவர்கள், இல்லை அந்த முதலாளி மாதிரி பணம் போடத் தயங்கி நிற்பவர்கள். முதல் படம் என்பது கிரானைட், மாம்பழம், ரியல் எஸ்டேட் என்று எங்கிருந்தோ வந்த காசில் எப்படியோ எடுக்கப்பட்டுவிடும். தொழில் என்று ஒன்று தொடங்குவது இரண்டாவது படத்தில்தான். அந்த இரண்டாவது படம்தான் நம் பக்கத்து ஆட்களுக்கு வாய்ப்பதே இல்லை. ஏன் என்பதற்கு விடை அந்த ஆபீஸ் ரூம் கேள்வியிலேயே இருக்கிறது.

முதலில் தயாரிப்பாளர். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். பணம் போடுகிறவருக்கு முதலீட்டாளர் என்று வேறு பெயர் இருக்கிறது. தயாரிப்பாளரின் வேலை, கதையைத் தேர்ந்தெடுப்பது, பட்ஜெட் போடுவது, பணத்தைத் திரட்டுவது, ஒப்பந்தங்கள் எழுதுவது, படத்தை விற்பது, விற்ற பணத்தை வசூலிப்பது. இதில் படப்பிடிப்பு என்பது முப்பது நாற்பது நாள் சமாசாரம். மற்றதெல்லாம் ஒன்றரை, இரண்டு வருஷம். ஊரிலிருந்து போகிற புது ஆள் அந்த நாற்பது நாளைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார். கம்பெனி தொடங்கி, ஜிஎஸ்டி எண் வாங்கி, தயாரிப்பாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, தலைப்பைப் பதிவு செய்வது வரை உற்சாகமாகத்தான் போகும். பிறகு மேனேஜர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அப்புறம் கணக்கு நோட்டு முதலாளி கையில் இருக்காது.

விற்பது என்றால் என்ன என்று நம் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆனால் சினிமா வரைபடத்தில் நாம் எல்லோரும் இன்னும் 'சேலம் ஏரியா'தான். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்தது ஒரு விநியோகப் பகுதி. சென்னை, என்.எஸ்.சி. எனப்படும் பழைய வட, தென் ஆற்காடு செங்கல்பட்டு, கோவை, மதுரை ராமநாதபுரம், திருச்சி தஞ்சை, நெல்லை குமரி என்று மற்றவை. மொத்தம் ஏழு.

சேலம் ஏரியாவில் முகம் தெரியாத ஒரு படத்துக்கு 15 தியேட்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தியேட்டரில் நாலு ஆட்டமும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 பேர், டிக்கெட் 100 ரூபாய். புது முகங்களின் படத்துக்கு இது மோசமான கூட்டம் இல்லை. வசூல் 20,000. வரிகள் போக 18,000. தியேட்டருக்குப் பாதி என்றால் மீதி 9,000. விநியோகஸ்தரின் கமிஷன் கழிந்தால் சுமார் 8,000. மூன்று நாளில், அதாவது திங்கட்கிழமை வேறு படம் போடுவதற்குள், 15 தியேட்டரில் 3,60,000 ரூபாய். ஏழு ஏரியாவுக்கும் இதே கணக்கு என்றால் 25 லட்சம். கோவை, என்.எஸ்.சி. மாதிரி பெரிய ஏரியாக்களுக்குத் தாராளமாகக் கூட்டிக்கொடுத்தாலும் 40 லட்சம். போஸ்டர், விளம்பரம், படத்தை டிஜிட்டலாகத் தியேட்டர்களுக்குக் கொண்டுசேர்க்கும் கியூப் மாதிரி நிறுவனங்களுக்குக் கட்டுகிற கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். அந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழில் புதுப்படமே வெளியாகாமல் தயாரிப்பாளர்கள் நிறுத்தி வைத்தார்கள். பெரிய படத்துக்கு அது சில்லறை. ஒண்ணேகால் கோடிப் படத்துக்கு அது கழுத்துக் கயிறு.

விநியோகஸ்தர் கையிலிருந்து பணம் வருகிற விதங்களும் மூன்று. மொத்தமாக விலை பேசி வாங்கிக்கொள்வது. குறைந்தபட்சத் தொகையை உறுதி சொல்லி முன்கூட்டியே கொடுப்பது, அதைத்தான் எம்.ஜி. (மினிமம் கேரண்டி) என்கிறார்கள். கமிஷனுக்கு மட்டும் வெளியிட்டுக் கொடுப்பது. சின்னப் படத்துக்குக் கிடைப்பது மூன்றாவதுதான். அதாவது நஷ்டம் முழுக்க நம்முடையது. போதாக்குறைக்கு நடுவில் வட்டிக்கு வாங்கியிருந்தால், ரிலீஸுக்கு முந்தைய ராத்திரி பைனான்சியர் பாக்கியைத் தீர்த்தால்தான் காலைக் காட்சி ஓடும். காலைக் காட்சி ரத்து என்று அடிக்கடி படிக்கிறோமே, பின்னால் பெரும்பாலும் இதுதான்.

சரி, ஓடிடி? 2020 ஊரடங்கில் அது சின்னப் படங்களுக்கு நிஜமாகவே வாசலைத் திறந்தது. தியேட்டரே இல்லாத காலத்தில் அவர்களுக்குச் சரக்கு தேவைப்பட்டது. இப்போது தமிழில் மட்டும் ஆண்டுக்கு இருநூறு படத்துக்கு மேல் வருகிறது. தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்கிறார்கள். விழாக்களில் பெயர் வாங்கிய படத்துக்கே காத்திருப்பு நீளம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 தொடக்கத்தில் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதை வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையும் அதுதான். நம் வீட்டு டிவிக்கு ஓடிடி வழியாக வந்து சேர்ந்தது 2023 அக்டோபரில். நடுவில் இரண்டரை வருஷத்துக்கு மேல். வட்டிப் பணத்தில் எடுத்திருந்தால் அந்தக் காத்திருப்பே படத்தை விழுங்கியிருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒற்றைப் படத்தை வைத்து இந்தத் தொழிலைச் செய்ய முடியாது என்கிறேன், அவ்வளவுதான். சி.வி. குமாரின் திருக்குமரன் என்டர்டெயின்மென்ட் 2012, 2013-இல் அடுத்தடுத்து எடுத்த 'அட்டகத்தி', 'பீட்சா', 'சூது கவ்வும்' மூன்றுமே முதல் பட இயக்குநர்கள் எடுத்தவை. பா. ரஞ்சித், கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி. ஒரு கதையில் வீட்டை அடகு வைக்காமல் சின்னச் சின்னதாக மூன்று கதையில் பணத்தைப் பரப்புகிற முறை அது. விவசாயிக்கு இது புதிதல்ல. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவர் யாராவது மொத்த நிலத்திலும் தக்காளியே போடுகிறாரா?

இனி எழுதுகிறவர்களுக்கு வருவோம்.

தமிழ்ப் படத்தின் டைட்டில் கார்டைப் பாருங்கள். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நான்கும் ஒரே வரியில், ஒரே பெயருக்கு மேலே ஓடும். நான்கு வேலையும் ஒரே ஆளுடையது என்றாகிவிட்டதால் எழுதுவதற்கு மட்டும் தனியாகச் சம்பளம் கேட்டால் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். எப்போதும் இப்படி இருக்கவில்லை. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. அங்கே எழுத்தாளர்கள் மாதச் சம்பளக்காரர்கள். 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'க்கு மு. கருணாநிதி எழுதியது அப்படித்தான். அன்று தர்மபுரியும் சேலம் மாவட்டம். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிற தூரத்தில் எழுத்தாளனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்த ஒரு ஸ்டுடியோ இருந்தது. அப்புறம் தேவர் பிலிம்ஸில் 'கதை இலாகா' என்றே ஒரு பிரிவு இருந்தது. ஸ்டுடியோக்கள் போனதும் அந்தச் சம்பளமும் போனது. இடத்தைப் பிடித்தது 'டிஸ்கஷன்'.

டிஸ்கஷன் என்பது சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒரு வாடகை ஃபிளாட். நாலைந்து பேர், பாய், தலையணை, வெள்ளைப் பலகை, மதியம் பார்சல் சாப்பாடு. யார் எந்த சீனைச் சொன்னார்கள் என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. நானும் ஒரு படத்துக்கு இரண்டு மாதம் அப்படி உட்கார்ந்தேன். நான் சொன்ன இடைவேளைக் காட்சி திரையில் அப்படியே இருந்தது. என் பெயர் கடைசியில் நன்றிப் பட்டியலில், எழுத்துப்பிழையோடு. சம்பளம் என்று வந்தது சாப்பாட்டையும் பஸ் சார்ஜையும் தாண்டவில்லை. கோபமெல்லாம் போய்விட்டது. கையெழுத்துப் போட்ட ஒரு தாள்கூட இல்லாமல் இரண்டு மாதம் உட்கார்ந்த என் புத்தியை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது.

அதனால் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதைத் திருட்டு வழக்குகளில் பலர் தோற்பதற்குக் காரணம், சட்டம் எதைக் காக்கிறது என்று தெரியாததுதான். 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, அதை எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. நாம் பெருமையாகச் சொல்லும் 'ஒன்லைன்', அதாவது ஒரு வரிக் கதை, யாருக்கும் சொந்தமில்லை. காட்சி காட்சியாக எழுதிய திரைக்கதை நமக்குச் சொந்தம். எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு என்பது சாட்சிக்காக. தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யலாம், டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனிலேயே செய்யலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் விட்டுத்தான் மேலே எடுத்துப் போவார்கள். கதை சொல்லிவிட்டு வந்த அன்று இரவே, 'இன்று உங்களிடம் சொன்ன கதையின் சுருக்கம் இத்துடன்' என்று ஒரு மெயில் தட்டிவிடுவது செலவில்லாத பழக்கம்.

விற்கும்போது பார்க்க வேண்டியவை 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 18, 19-ஆம் பிரிவுகள். எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த ஊருக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு மாதிரி எழுதப்படாத பட்சத்தில், அது காலாவதி. எத்தனையோ பேர் ஐயாயிரம் அட்வான்ஸ் வாங்கிய கதையை யாரிடமும் சொல்ல முடியாமல் எட்டு வருஷம் அடைகாக்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால் அது எப்போதோ அவர்களிடமே திரும்பி வந்திருக்கும். 2012 திருத்தம் இன்னும் ஒன்றைச் செய்தது. படத்தில் இடம்பெறும் எழுத்து தியேட்டருக்கு வெளியே பயன்படுத்தப்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்க முடியாது. பாடலாசிரியர்களுக்கு ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு வசூலித்துத் தருகிறது. கதாசிரியர்கள் விஷயத்தில் அந்த உரிமை பெரும்பாலும் தாளிலேயே இருக்கிறது.

எழுதுகிறவர் தயாரிப்பாளரின் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தால் பேச்சே மாறிவிடும். ஒரு உதாரணம். கிருஷ்ணகிரிக்காரன் எழுதினால் எருது விடும் விழா இல்லாமல் இருக்குமா? ஸ்கிரிப்டில் 'காளை சீறிப் பாய்கிறது' என்று மூன்று சொல். விலங்கு எதுவாக இருந்தாலும் படப்பிடிப்புக்கு முன்பே விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும், சென்சாருக்கு அதன் சான்றிதழ் வேண்டும். காளை என்றால் சிக்கல் இரட்டிப்பு, கடைசியில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் போய் நிற்கும். அந்த மூன்று சொல்லின் விலை சில லட்சம். அதே போல ரத்தக்களரியாக எழுதி ஏ சான்றிதழ் வாங்கினால் அதை அப்படியே டிவியில் போட முடியாது, சேட்டிலைட் பேரம் அங்கேயே இறங்கும். ஒகேனக்கல் காட்டுக்குள் ஒரு சீன் என்றால் வனத்துறை அனுமதி. 2022 நவம்பரில் இரு மாவட்டங்களிலும் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாகிவிட்டதால் முன்பு நுழைந்த இடங்களிலெல்லாம் இப்போது நுழைய முடியாது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே எழுதினால் கை ஓடாதுதான். ஆனால் முதல் டிராஃப்டை மனம்போல எழுதிவிட்டு இரண்டாவதை இந்தக் கண்ணோடு பார்க்கலாமே.

எழுத்தை எங்கே கற்பது? தரமணியில் 1945-இல் தொடங்கிய அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. இடம் குறைவு, கட்டணமும் குறைவு. புனே, கொல்கத்தா நிறுவனங்கள் இன்னொரு வழி. குறும்படம் எடுத்து டிவி போட்டி வழியாக வந்த தலைமுறை ஒன்று உண்டு, மேலே சொன்ன கார்த்திக் சுப்பராஜும் நலனும் 'நாளைய இயக்குநர்' ஆட்கள்தான். கோவாவில் நவம்பரில் சர்வதேசத் திரைப்பட விழாவோடு சேர்ந்து 2007 முதல் நடக்கும் பிலிம் பஜாரில் திரைக்கதைப் பட்டறையும், கூட்டுத் தயாரிப்புச் சந்தையும் இருக்கின்றன. எழுதியவரும் தயாரிப்பாளரும் ஒன்றாகப் போய் உட்கார வேண்டிய இடம் அது. நம் ஆட்கள் அங்கே தனித்தனியாகப் போகிறார்கள், அல்லது போவதே இல்லை.

எனக்குத் தெரிந்த சிறந்த திரைக்கதைப் பாடம் இவை எதிலும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் பதினெட்டு நாள் பாரதத்தில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து விடிய விடிய ஓட வேண்டும். இரண்டு மணி வாக்கில் ஜனம் கண்ணயரும் என்று கூத்து வாத்தியாருக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உள்ளே வந்து, முன்வரிசையில் தூங்குகிற ஊர்க்கவுண்டரையே வம்புக்கு இழுப்பான். கூட்டம் சிரித்து எழுந்து உட்கார்ந்ததும் துகில் உரிதல். பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளம் பகலில், வெயிலில். மண்ணில் செய்த உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும்போது. பார்க்கிறவனின் உடம்பைக் கணக்கில் எடுத்துக் கட்டிய திரைக்கதை அது. அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் சென்னைக்குப் போய் யாரோ ஒரு அமெரிக்கர் எழுதிய மூன்று அங்க சூத்திரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

அப்புறம், இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு வசதி இருக்கிறது, யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகளுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் தண்ணி பட்ட பாடு. டப்பிங் வசனம் எழுதுவதற்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? உதட்டசைவுக்கு ஏற்றபடி, அர்த்தமும் கெடாமல், வசவைக்கூட வசவாகவே கொண்டுவர வேண்டிய வேலை. பெயர் சின்னதாக வரும், ஆனால் பணம் கைக்கு வரும். டிவி சீரியல் வசனமும் அப்படித்தான், எபிசோடுக்கு இவ்வளவு என்று கணக்கு. சினிமாவில் சொந்தக் கதையோடு காத்திருப்பவருக்கு இவை வாடகையைக் கட்டிக்கொடுக்கும். கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள்தான் ஊர் திரும்புகிறார்கள்.

தயாரிப்புப் பக்கத்திலும் இப்படி ஒரு சின்ன வாசல் உண்டு. பென்னாகரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஒகேனக்கலுக்கு வரும் யூனிட்டுகளுக்கு லாட்ஜ், வண்டி, பரிசல், ஜெனரேட்டர், கூட்டத்துக்கு ஆள் எல்லாம் ஏற்பாடு செய்கிறார். எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் மனு கொடுக்க வேண்டும் என்பது விரல் நுனியில். பத்து வருஷத்தில் நிறைய படங்களின் தினசரிச் செலவுத் தாள்களைப் பார்த்துவிட்டார். ஒரு யூனிட் சாப்பாட்டில் எவ்வளவு விடுகிறது, மழை நாளில் எவ்வளவு விடுகிறது என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு, ஐந்து கோடி போட்டுவிட்டு மானிட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மேனேஜர், படப்பிடிப்புச் செலவை நிர்வகிக்கும் லைன் புரொடியூசர், பிறகு தயாரிப்பாளர் என்று ஏறுகிற ஏணியில் அவர் இரண்டாவது படியில் இருக்கிறார், தனக்கே தெரியாமல்.

அந்த மாங்கூழ் ஆலைக் கதைக்கு வருகிறேன். அன்று தம்பி முகம் வாடித்தான் வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, பென்னாகரத்துக்காரரின் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஸ்கிரிப்டைப் பிரித்து லொக்கேஷன் வாரியாக நாள் போட்டார்கள். 38 நாள் என்று இருந்தது 26 ஆனது. காளை போய் விழாவின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அது கதைக்கு இன்னும் நன்றாக இருந்ததாகத் தம்பியே சொன்னான். பட்ஜெட் 80 லட்சத்துக்கு வந்தது. யார் யாரிடம் விற்கலாம், ஒன்றுமே விற்காவிட்டால் எவ்வளவு போகும் என்று இரண்டு பக்கத் தாள் ஒன்று தயாரித்து, நல்ல படமாக வந்தால் சிறு முதலீட்டுப் படங்களுக்கு அரசு தருகிற 7 லட்சம் மானியத்தைக்கூட 'வரலாம், வராமலும் போகலாம்' என்று எழுதி, முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

மறுநாள் பதில் வந்தது. "தாளைப் பார்த்தேன். விற்காட்டி போகிற தொகைய எழுதியிருக்கிற பாரு, அதான் பிடிச்சிருக்கு. இப்போ காய் வந்துட்டிருக்கு கண்ணு. ஆடி பொறக்கட்டும், ஆலை நிக்கட்டும். மீதிக் கதைய வந்து சொல்லு."